நான்கு மினுக்கலும் ஒரு வகுப்பு இடாப்பும்

  இது கொஞ்சம் நீளமான பதிவு. கொம்பியூட்டர் விஷயம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உள்ளே இருப்பது ஒரு வரலாறு.

2022ஐ நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அப்போது எங்கள் பாடசாலையில் பாடவேளை மணி அடிக்கிற வேலையை ஒரு ராஸ்பெரி பை செய்துகொண்டிருந்தது. உள்ளங்கை அளவு போர்ட், லினக்ஸில் ஓடுவது. ஹார்ட் டிஸ்க் கிடையாது, எல்லாம் ஒரு மெமரி கார்டில்தான். தரம் 10 பிள்ளைகள் மூன்று மாதம் மினக்கெட்டுச் செய்த வேலை அது.

ஒருநாள் என் போனில் இருந்து இன்டர்நெட் கொடுத்து அதற்கு அப்டேட் போட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. பிழை என்னுடையதுதான். அடுத்த நாள் காலை சிவப்பு லைட் எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. பழுது பார்க்கிற ஒருவரிடம் காட்டினோம். “போர்ட் முடிஞ்சி, புதுசு வாங்குங்க” என்றார். வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதமாகும்போது 350ஐத் தாண்டியிருந்தது. புதிது வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை.

அந்த வேலையில் முன்னுக்கு நின்ற மாணவன் முகம் விழுந்து போய், “சேர், இது மௌத்தாயிட்டு. மறுகா என்னத்துக்கு மினக்கெடுற?” என்றான். பக்கத்தில் நின்ற பிள்ளை ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: “சேர், மௌத்தான சாமான் மினுங்குமா?”

அப்போதுதான் கவனித்தேன். பச்சை லைட் நான்கு முறை மினுங்குகிறது. நிற்கிறது. திரும்ப நான்கு முறை.

ஒரு கொம்பியூட்டர் ஒரேயடியாக விழித்துக்கொள்வதில்லை. ஒருவர் இன்னொருவரை எழுப்ப, அவர் அடுத்தவரை எழுப்பி வருவதுதான் முறை. எங்களிடம் இருந்த மூன்றாம் தலைமுறை ராஸ்பெரி பையில் முதலில் எழும்புவது பிரதான செயலி அல்ல, படம் காட்டுகிற சிப். அதற்குள் நிரந்தரமாக எழுதப்பட்ட சின்ன நிரல் ஒன்று கார்டில் இருந்து ‘பூட்கோட்’ என்ற கோப்பை எடுக்கும். அது ‘ஸ்டார்ட்’ என்ற கோப்பைத் தேடும். ஸ்டார்ட் வந்து அமைப்புக் கோப்பை வாசித்து, லினக்ஸின் கேர்னலைக் கொண்டு வந்து வைத்த பிறகுதான் பிரதான செயலி எழும்பும். இப்படி எழுப்பிவிடும் நிரல்களுக்குப் பெயர்தான் பூட்லோடர்.

நான்கு மினுக்கல் என்றால் ஸ்டார்ட் கோப்பைக் காணவில்லை என்று அர்த்தம். ஏழு என்றால் கேர்னலைக் காணவில்லை. ஆக, போர்ட் சாகவில்லை. முதல் ஆள் எழும்பி, இரண்டாவது ஆளைக் காணாமல் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கார்டை முதலில் முழுதாகப் பிரதி எடுத்தோம். பிறகு சுத்தமான இன்னொரு கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, காணாமல் போன கோப்பை வைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், எழும்பியது.

அதோடு முடியவில்லை. இந்தப் போர்டில் சொந்தமாக மணிக்கூடு இல்லை. இன்டர்நெட் இல்லாவிட்டால், கரண்ட் போனபோது கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தில் இருந்துதான் திரும்பத் தொடங்கும். மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லையென்றால் மணியும் மூன்று மணித்தியாலம் பிந்தும். அதற்காக பட்டன் பற்றரி போட்ட சின்ன மணிக்கூட்டு சிப் ஒன்றைப் பொருத்தினோம். வயர் எல்லாம் சரி. ஆனால் லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இங்கேதான் வரலாறு வருகிறது. புதிதாக ஒரு வகுப்புக்குள் போகிறோம் என்று வையுங்கள். வீட்டில் இருக்கிற சாதாரண கொம்பியூட்டர் ஒரு வகுப்பு மாதிரி. ஆசிரியர் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் எழும்பித் தம் பெயரைச் சொல்வார்கள். சின்னப் போர்டுகளில் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. யார் எந்தக் கதிரையில் இருக்கிறார் என்று தெரிய ஆசிரியர் கையில் இடாப்பு வேண்டும். அந்த இடாப்புக்குப் பெயர் ‘டிவைஸ் ட்ரீ’.

இந்த யோசனை 1980களின் கடைசியில் அமெரிக்காவின் சன் நிறுவனத்தில் மிச் பிராட்லி உருவாக்கிய ‘ஓப்பன் பூட்’ என்ற நிரலில் இருந்து வந்தது. 1994இல் ‘ஓப்பன் ஃபெர்ம்வெயார்’ என்று அது ஒரு பொதுத் தரமாகியது. ஆப்பிளின் பவர்பீசீ கணினிகள் அதில்தான் விழித்தன. பிறகு ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின் பச்சை நிற மடிக்கணினிகளிலும் பிராட்லியின் அதே வேலை இருந்தது. இலங்கையின் சில கிராமப் பாடசாலைகளுக்கும் அவை வந்தன.

சின்னப் போர்டுகளுக்கு அவ்வளவு பெரிய நிரல் தாங்காது. 2005 அளவில் பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் போன்றோர் அந்த இடாப்பை மட்டும் தட்டையான ஒரு கோப்பாக்கி, பூட்லோடர் அதைக் கேர்னலின் கையில் கொடுக்கும் வழியைச் செய்தார்கள். ஜெர்மனியின் வூல்ஃப்காங் டெங்க் தொடங்கிய ‘யூ-பூட்’ இன்றைக்கும் பல போர்டுகளில் அந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் நம் போன்களிலும் ராஸ்பெரி பையிலும் உள்ள ஆர்ம் வகைச் சிப்களுக்கு அப்போதும் இடாப்பு இல்லை. ஒவ்வொரு போர்டின் விபரத்தையும் கேர்னலுக்குள்ளேயே எழுதி வந்தார்கள். ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைகளின் பெயரையும் பாடப்புத்தகத்துக்குள் அச்சடித்து, வகுப்புக்கு ஒரு புத்தகம் போடுவது மாதிரி. 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, இந்த ஆர்ம் குழப்பம் தாங்க முடியாத தலைவலி என்று கடுமையாகவே எழுதினார். அதன் பிறகுதான் கிராண்ட் லைக்லி முதலானோர் முன்பே தொடங்கியிருந்த வேலை வேகம் பிடித்தது. புத்தகம் எல்லோருக்கும் ஒன்று, இடாப்பு மட்டும் வகுப்புக்கு ஒன்று என்றாகியது.

2012 பெப்ரவரி 29இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை, 2015இன் தொடக்கத்தில் இந்த முறைக்கு மாறியது. மாறிய கையோடு உலகம் எங்கும் பலருடைய சென்சர்களும் மணிக்கூட்டுச் சிப்களும் வேலை செய்யாமல் நின்றன. எதுவும் பழுதாகவில்லை. இடாப்பில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். ஐ-டூ-சீ என்ற இணைப்பைத் திறந்து தேடியபோது, 68ஆம் இலக்கக் கதிரையில் யாரோ இருப்பது தெரிந்தது. ஆனால் யார் என்று கேர்னலுக்குத் தெரியாது. இடையில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு இடாப்பில் ஒரு துண்டு ஒட்டுவோமே, அப்படி ஒட்டுகிற துண்டுக்கு ‘ஓவர்லே’ என்று பெயர். அமைப்புக் கோப்பில் ஒரேயொரு வரி. அதை எழுதியது “மௌத்தாயிட்டு” என்ற அதே மாணவன். அன்று பின்னேரம் கரண்ட் போய்வந்த பிறகு மணி சரியான நேரத்துக்கு அடித்தது. அவன் சிரித்ததை நான் மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து ஒரு பிள்ளையைப் பற்றி “இவனுக்கு ஏறாது” என்று சொல்ல வாய் வரும்போது அந்த மினுக்கல் நினைவுக்கு வருகிறது. எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்த்தேனா? அவன் பெயர் என் இடாப்பில் இருக்கிறதா?

கடைசியாக இரண்டு விஷயம். கரண்ட் நிச்சயம் இல்லாத நேரத்தில் அப்டேட் போடாதீர்கள், கார்டுக்கு ஒரு பிரதி எப்போதும் வைத்திருங்கள். வீட்டில் “செத்துப்போன” போர்டுகள் இருந்தால் எறிந்துவிடாமல் எங்கள் பிள்ளைகளிடம் தாருங்கள். இன்ஷா அல்லாஹ், முதலில் மினுக்கலை எண்ணிப் பார்ப்போம்.