தேறாத புள்ளிகளில் பிறந்த எண்

1948-ல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் மனநல மருத்துவர் எலியட் ஸ்லேட்டர் ஒரு வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இரட்டையராய்ப் பிறந்தவரா என்று கேட்பது. ஆம் என்றால் பதிவேட்டில் பெயரை ஏற்றுவது. பதினாறு ஆண்டுகளில் சேர்ந்த அந்தப் பெயர்களிலிருந்து, ஒருவருக்காவது மனச்சிதைவு நோய் இருந்த 57 ஜோடிகளை இர்விங் காட்ஸ்மனும் ஜேம்ஸ் ஷீல்ட்ஸும் பிரித்தெடுத்தார்கள். ஒரே கருவில் உருவான ஜோடிகளில் கிட்டத்தட்ட பாதியில் மற்றவரையும் நோய் பிடித்திருந்தது. தனித்தனிக் கருவில் உருவானவர்களிடம் அது பத்தில் ஒரு பங்குதான். பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் மெண்டலின் பட்டாணிக் கணக்கு எதிலும் இந்த எண்கள் அடங்க மறுத்தன.

1967-ல் இருவரும் துணிந்து எழுதினார்கள்: பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பாரம் ஏற்றுகின்றன, மொத்தச் சுமை ஒரு வரம்பைத் தாண்டினால் நோய் வெளிப்படுகிறது. அதைச் சோதிக்க அன்று கருவி கிடையாது. பலரும் ஒற்றைக் குற்றவாளியைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

1988-ல் குற்றவாளி சிக்கியதாகவே தோன்றியது. ஐஸ்லாந்து, பிரிட்டன் குடும்பங்களை ஆராய்ந்த ஹியூ கர்லிங்கின் குழு, 5-ஆம் குரோமோசோமில் தடயம் கண்டதாக 'நேச்சர்' இதழில் அறிவித்தது. அதே இதழில் இன்னொரு கட்டுரை: ஸ்வீடனின் பெரிய குடும்பம் ஒன்றில் அந்தத் தடயமே இல்லை! பின்னால் வந்த ஆய்வுகளும் கைவிரித்தன.

2009-ல் ஷான் பர்செல் இடம்பெற்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 3,322 நோயாளிகளின் மரபணுத் தொகுதியை நோயில்லாத 3,587 பேருடன் ஒப்பிட்டது. பெரும் உழைப்பு. புள்ளியியல் தேர்வில் தேறிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தோற்றுப்போன மரபணுக் குறிப்பான்களோ ஆயிரக்கணக்கில் கிடந்தன. வழக்கமாய் அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பர்செல் குழு பார்த்தது. ஒவ்வொரு குறிப்பானுக்கும் அதன் செல்வாக்குக்கு ஏற்ற எடை போட்டு, ஒருவரிடம் இருப்பதையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக்கியது. அந்தக் கணக்கை வேறு நோயாளிக் குழுக்களில் போட்டபோது, மனச்சிதைவு உள்ளவர்களின் சராசரி உயர்ந்து நின்றது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடமும் உயர்ந்தது. இதயநோயாளிகளிடமும் நீரிழிவுக்காரர்களிடமும் உயரவில்லை. நோய் வருவதிலுள்ள வேறுபாட்டில் சுமார் 3 சதவீதத்தைத்தான் அந்த எண்ணால் விளக்க முடிந்தது. இருந்தும் மனச்சிதைவு ஆராய்ச்சியில் அதைப்போல் மகிழ்ச்சி தந்த 3 சதவீதம் வேறு இருக்காது. நாற்பத்திரண்டு ஆண்டுக்கு முந்தைய யூகம் நிரூபணமாகியிருந்தது. காட்ஸ்மன் அதைப் பார்த்தார். 1978-லேயே மறைந்துவிட்ட ஷீல்ட்ஸுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பாலிஜெனிக் ரிஸ்க் ஸ்கோர் என்று இன்று மனநல ஆய்வுகளில் சாதாரணமாய்ப் புழங்கும் எண் இப்படித்தான் வந்தது. நோயோடு தொடர்புள்ள இடங்கள் 2014-ல் 108 ஆயின, 2022-ல் 287. தனியொருவருக்கு நோய் வருமா என்று சொல்ல அந்த எண் இன்னும் போதவில்லை. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் வளர்ந்ததால், பிற மக்களிடம் இன்னும் அதிகமாய்த் தடுமாறியது. அந்தக் குறையை நிரப்பும் வேலையில் சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபும் இறங்கியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அது இந்தியர்களிடம் நடத்திய தேடலின் முடிவு 2019-ல் வெளியானபோது, 8-ஆம் குரோமோசோமில் நியாசின் வைட்டமினை உடல் கையாளும் விதத்தோடு தொடர்புள்ள ஓர் இடம் முன்னுக்கு வந்து நின்றது.