மதனப்பள்ளியின் ஐரிஷ் ஆசிரியர்: ஜேம்ஸ் கசின்ஸும் இருவர் எழுதிய தன்வரலாறும்

ஜேம்ஸ் ஹென்றி கசின்ஸ் 1873-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், மெதடிஸ்ட் குடும்பமொன்றில் பிறந்தார். எழுத்தராக வேலை பார்த்து, நகர மேயரின் செயலராகவும் இருந்தார். 1897-இல் டப்ளினுக்குக் குடிபெயர்ந்த பிறகு யேட்ஸ், ஜார்ஜ் ரஸ்ஸல் ஆகியோரின் இலக்கிய மறுமலர்ச்சி வட்டத்தில் இடம் கிடைத்தது. கவிதையும் நாடகமும் சோறு போடவில்லை. 1905 முதல் பள்ளி ஆசிரியரானார். 1903-இல் அவர் மணந்த மார்கரெட் கில்லெஸ்பி இசைப் பட்டதாரி; பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1910-இலும் 1913-இலும் சிறை சென்றவர்.

1915-இல் தம்பதியர் சென்னை வந்தனர். பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட் நடத்திய ‘நியூ இந்தியா’ நாளிதழில் கசின்ஸுக்கு இலக்கியப் பகுதியின் துணையாசிரியர் பொறுப்பு. அடுத்த ஆண்டு டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி வெடித்து, அதன் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுக்குப் பரிந்து கசின்ஸ் எழுதிய கட்டுரை அவர் வேலைக்கு உலை வைத்தது. பத்திரிகைச் சட்டத்தின் பிடி இறுகியிருந்த நேரம் அது. இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்ட, தாய்வழியில் தாமும் ஐரிஷ்காரரான பெசன்டே அவரை விலக்க நேர்ந்தது. விலக்கியவர் கைவிடவில்லை, மதனப்பள்ளியில் பிரம்மஞான சபை நடத்திய கல்லூரிக்கு அனுப்பினார்.

மதனப்பள்ளி அன்று சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பெங்களூரின் கிழக்குக் கோடியிலுள்ள வைட்ஃபீல்டிலிருந்து ஹொஸ்கோட்டை, சிந்தாமணி வழியாகப் போனால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இங்கே ஆங்கில ஆசிரியராகவும் பிறகு முதல்வராகவும் இருந்த காலமே கசின்ஸின் எழுத்து வாழ்வில் செழிப்பானது. 1917-இல் வெளிவந்த ஆங்கில இலக்கியம் பற்றிய அவரது நூலுக்கு மதிப்புரை எழுதப் புகுந்த அரவிந்தர், அதை ‘எதிர்காலக் கவிதை’ என்னும் நெடுந்தொடராகவே வளர்த்துவிட்டார். மூல நூலை இன்று படிப்பார் அரிது; மதிப்புரைதான் நிலைத்தது.

1919 பிப்ரவரியில் ஓய்வுக்காக மதனப்பள்ளிக்கு வந்த தாகூர் கசின்ஸின் விருந்தினராகத் தங்கினார். ஒரு மாலை, ஆசிரியரும் மாணவரும் கூடியிருந்த இடத்தில் ‘ஜன கண மன’ பாடினார். பாடல் 1911-இலேயே கல்கத்தா காங்கிரஸில் ஒலித்ததுதான். ஆனால் மதனப்பள்ளி மாணவர்களுக்கு வங்காளி தெரியாது. பல்லவியின் ‘ஜய ஹே’ வந்ததும் மெட்டைப் பிடித்துக்கொண்டு கூடப் பாடினர். அங்கேயே தாகூர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மெட்டை மார்கரெட் மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதினார். அது கல்லூரியின் வழிபாட்டுப் பாடலாயிற்று. 1937-இல் தேசிய கீதம் எது என்ற விவாதம் எழுந்தபோது, இப்பாடலையே ஏற்க வேண்டும் என்று கசின்ஸ் சென்னை நாளேட்டில் எழுதினார்.

மார்கரெட்டைக் கணவரின் நிழலாகப் பார்ப்பது பிழை. 1917-இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தை நிறுவியவர்களில் அவர் ஒருவர். 1927-இல் புனேயில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கு முதல் குரல் கொடுத்தவரும் அவரே. சென்னையில் மாஜிஸ்திரேட் இருக்கையில் அமர்ந்தார். 1932-இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசி வேலூர்ச் சிறைக்கும் போனார்.

இடையே கசின்ஸ் தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்திலும், பிற்பாடு நியூயார்க்கிலும் பாடம் நடத்தினார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ஓவியக்கூடம் அமைய உதவினார். 1935-இல் திருவனந்தபுரத்தில் திறக்கப்பட்ட சித்ராலயம் ஓவியக்கூடமும் அவர் ஆலோசனையில் உருவானது.

1950-இல் சென்னை கணேஷ் நிறுவனம் ‘நாம் இருவரும் ஒன்றாக’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தன்வரலாற்றை வெளியிட்டது. ‘ஜன கண மன’ தேசிய கீதமானதும் அதே ஆண்டுதான். இருவரும் மாறிமாறி எழுதிய, 700 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் இது. பெயர்களும் பயணங்களும் நெரிசலாக வரும். கசின்ஸின் நடை சற்றுப் பூச்சு மிகுந்தது. எனினும், மதனப்பள்ளி மாலையைக் கண்ணால் கண்டு எழுதிய சாட்சியம் இதில்தான் உள்ளது. நூல் வந்தபோது பக்கவாதத்தால் பல ஆண்டுகளாக முடங்கியிருந்த மார்கரெட் 1954-இல் அடையாற்றில் காலமானார். கசின்ஸ் 1956 பிப்ரவரி 20 அன்று மதனப்பள்ளியில் மறைந்தார்.