லிபெர்த்தே (புதுச்சேரி)

லிபெர்த்தே என்பது விடுதலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இதன் மூலம் இலத்தீனின் 'லிபெர்தாஸ்'. அதற்கும் வேர், அடிமையல்லாதவர் எனப் பொருள்படும் 'லிபெர்'. ஸ்பானிய மொழியின் 'லிபெர்தாத்' அதே வேரில் கிளைத்தது. பிரெஞ்சுக் குடியரசின் முச்சொல் முழக்கமான சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தில் முதலாவதாக இச்சொல் புதுச்சேரியை வந்தடைந்தது.

சொல் வந்த வேகத்தில் பொருள் வரவில்லை. 1848இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. ரெயூனியோன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. விடுதலை பெற்றவர்களின் இடத்தை நிரப்பப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஒருவர் விடுதலை இன்னொருவர் தலையில் விடிந்தது.

சொல்லைச் சட்டத்தின் வழியே சோதித்துப் பார்த்தவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியக் காலணியுடன் நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873இல் அவர்மீது நடவடிக்கை பாய்ந்தது. அவர் பாரிசின் உயர் மேல்முறையீட்டு மன்றம் வரை சென்று வென்றார். இந்தியர் தம் சாதி, சமய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர 1881 ஆணை வழிசெய்தபோது, 'கதவு' எனப் பொருள்படும் 'லபோர்த்' என்பதைக் குடும்பப் பெயராக ஏற்றார். ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்கு அந்த ஆணை உண்மையிலேயே ஒரு வாசல்.

ஆங்கிலேயரின் பிடிக்குத் தப்பிய பாரதியார் 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்ந்தார். ஆனால் உள்ளூர்த் தொழிலாளிக்குச் சங்கம் வைக்கும் உரிமைகூட இல்லை. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தனர். போராட்டத்தை வழிநடத்தியவர் வ. சுப்பையா. மறு ஆண்டே எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. புதுச்சேரியின் விடுதலை வரலாற்றில் முதல் வரிசை இந்தத் தொழிலாளர்களுக்கே உரியது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 1949இல் மற்றொரு பிரெஞ்சுக் குடியேற்றமான சந்திரநாகூரில் நடந்ததுபோலப் பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. அதுவே இன்று விடுதலை நாள். ஆட்சியுரிமையைச் சட்டப்படி ஒப்படைக்க 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் ஆண்டுதோறும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றப்படுகிறது.