மேற்படி

போன வாரம் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது என் ஆயாவின் கலியாணப் பத்திரம் கையில் கிடைத்தது. 1928, புதுச்சேரி மேரி. (2014 மழையில் இடிந்து விழுந்து, திரும்பக் கட்டினார்களே, அந்தக் கடற்கரை மேரிதான்.) தாத்தா வீட்டார் ரெனோன்சான்கள். 1881 ஆணைப்படி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள். ஆகவே கலியாணம் முதலில் மேரியில், பிறகுதான் கோயிலில்.

மணமக்கள் சம்மதம் சொல்வதற்கு முன்பு சட்டத்தில் ஓர் அத்தியாயத்தை அதிகாரி படித்துக் காட்டவேண்டும் என்பது விதி. அதில் 213-ஆவது பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தரவேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்கிறது. 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சட்டம். ஆயாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அங்கிருந்து கோயிலுக்குப் போனால் பூசை லத்தீனில். அதுவும் தெரியாது. "ரெண்டு பேர் ரெண்டு பாஷையில என்னமோ படிச்சாங்கப்பா. ரெண்டுமே அடங்கி நடன்னுதான் அர்த்தம்னு உங்க தாத்தா சொன்னாரு" என்பார்.

தாத்தா சொன்னதில் பிழை இல்லை. அந்தக் காலக் கலியாணப் பூசையின் நிருபம், எபேசியருக்குப் புனித சின்னப்பர் (இப்போது பவுல் என்கிறோம்) எழுதிய கடிதத்தின் 5-ஆம் அதிகாரம். வாசகம் 22-ஆம் வசனத்தில் தொடங்கும். மனைவியர் கணவருக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதே காதில் விழும் முதல் சேதி.

1977-ல் எனக்குக் கலியாணம் ஆனபோது பூசை தமிழுக்கு வந்துவிட்டது. 1969-ல் ரோமில் திருமணச் சடங்கைத் திருத்தியபோது இந்த வாசகத்தில் முன்னால் உள்ள 21-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். கிறிஸ்துவின் மீதுள்ள பயபக்தியால் ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்பது அந்த 21-ன் கருத்து. மணப்பெண்ணுக்கு மட்டுமே சொல்லிவந்த ஆசீர் மன்றாட்டையும் இருவருக்கும் பொதுவாக்கினார்கள். 1963-லேயே சங்கம் அதற்கு வழி காட்டியிருந்தது. மாலையும் கழுத்துமாக இருந்த எனக்கு இது எதுவும் உறைக்கவில்லை. பந்தியில் பாயசம் போதுமா என்பதுதான் கவலை.

ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில், அந்த 22-ஆம் வசனத்தில் வினைச்சொல்லே கிடையாது. 'மனைவியர் தங்கள் கணவருக்கு' என்று மொட்டையாக நிற்கிறது. 'பணிந்து' என்பதை மேல் வரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ரெஜிஸ்டரில் 'மேற்படி' போடுவோமே, அதே கதை. மேல் வரியைக் கிழித்துவிட்டால் கீழே உள்ள மேற்படிக்கு என்ன மதிப்பு? எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். வசன எண்களும் சின்னப்பர் போட்டவை அல்ல. 1551-ல் ரோபேர் எத்தியென் என்ற பாரீஸ் அச்சுக்காரர் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவை.

மேல் வரி ஆண் பெண் பார்க்காமல் சபை முழுவதற்கும் எழுதியது. அப்படியானால் சபையை நடத்துகிறவர்களுக்கும் சேர்த்துத்தானே? 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய கிரகோரியார், கொன்ஸ்தாந்திநோபிள் பிதாப்பிதா பெரிய பட்டம் சூட்டிக்கொண்டதைக் கண்டித்து, தம்மைக் கடவுளின் ஊழியருக்கு ஊழியன் என்று எழுதிக்கொண்டார். இன்றும் பாப்பரசருக்கு அந்தப் பட்டம் உண்டு. ஆனால் அந்த ஊழியர்களைத்தான் 1978 வரை நாற்காலிப் பல்லக்கில் வைத்துத் தோளில் சுமந்தார்கள். 2013-ல் பாப்பரசர் பிரான்சிஸ் ரோம் சிறார் சிறையில் பெண்களின் காலையும் கழுவியபோது சிலர் முகம் சுளித்தார்கள். 2016-ல் விதியையே திருத்தினார்கள். தென்னிந்தியத் திருச்சபையார் பெண்களுக்குக் குருப்பட்டமே கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. பிரான்சில் 1938-ல் மனைவியின் கீழ்ப்படிதலை எடுத்தார்கள். கணவனே குடும்பத் தலைவன் என்பது போக 1970 ஆயிற்று.

இவ்வளவு எழுதுகிற நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பங்குப் பேரவைக் கூட்டம். நானும் மனைவியும் உறுப்பினர்கள். கல்லறைச் சுவர் பழுதுபார்த்த கணக்கைப் படித்தார்கள். மனைவி ஏதோ கேட்க எழுந்தாள். எதற்கு வம்பு என்று நான் கண்ணைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "கூட்டல்ல ஆயிரத்து இருநூறு ரூபா உதைக்குது. முப்பது வருஷம் கிளார்க்கா இருந்தீங்க, உங்களுக்குத் தெரியலையா?" என்றாள்.

தெரியவில்லை. நான் கணக்கைப் பார்க்கவே இல்லை. அவள் எழுந்து நின்றதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் அவளே கேட்டாள். கணக்கைத் திருத்தினார்கள். இப்போது பங்கின் நிதிக்குழுவில் அவள் இருக்கிறாள். மாதக் கடைசியில் சாப்பாட்டு மேசையில் வவுச்சர்களைப் பரப்புவாள். எண்களை வாய்விட்டுப் படிப்பது என் வேலை.