நிகழாத போர்களும் நிகழவிடாத போர்களும்

முற்காலத்து வீரனும் பிற்காலத்து வீரனும் ஒரே களத்தில் எதிர்நின்றால் வாகை சூடுபவர் யாவர்? இவ்வினா மக்களுக்குப் புதியதன்று. சீனடியும் சிலம்படியும் பயின்று வந்த கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிலே இளைஞரொருவர் கம்பெடுத்துச் சுழற்றுங்கால், அருகிருக்கும் முதியவர் தம் காலத்து அண்ணாவியாரை நினைந்து பெருமூச்செறிதல் இயல்பே. நிந்தவூர்க் கடற்கரை மணலில் மாலை வேளையிற் கூடும் இளைஞரிடையே இவ்வினா குத்துச்சண்டை வீரரைப் பற்றியதாக எழுகின்றது. ஒருவர் முகம்மது அலியே வெல்வார் என்பார். மற்றவர் மைக் டைசனே என்பார். இருள் சூழ்ந்த பின்னரும் வழக்குத் தீர்வதில்லை. பொழுதுபோக்காய்த் தோன்றும் இவ்வினாவை வரலாற்று மாணவர் எவ்வாறு அணுகுதல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் கருதற்பாலது போட்டியின் விதி. 1889 ஆம் ஆண்டில் ஜோன் சலிவன் வெறுங்கையுடன் 75 சுற்றுக்கள் பொருது ஜேக் கில்றெயினை வென்றார். அன்றைய விதிப்படி ஒருவர் கீழே வீழ்ந்தபோதே ஒரு சுற்று முடிவுற்றது. மூன்றே ஆண்டுகளின் பின், கையுறை அணிந்து நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்த போரில் ஜேம்ஸ் கோர்பெற்றிடம் அவரே 21 ஆவது சுற்றில் வீழ்ந்தார். 1927 இல் சிக்காகோவில் ஜாக் டெம்ப்சி, ஜீன் ரன்னியை வீழ்த்தியபோது, வீழ்த்தியவர் நடுநிலை மூலைக்கு ஒதுங்கிய பின்னரே எண்ணுதல் வேண்டும் என்னும் விதி குறுக்கிட்டது. டெம்ப்சி ஒதுங்கத் தாமதித்தார், எண்ணிக்கையுந் தாமதித்தது, ரன்னி எழுந்து, முடிவிற் புள்ளிகளால் வென்றார். உலகப் பட்டப் போட்டி நெடுங்காலம் 15 சுற்றுக்களாக இருந்தது. 1982 இல் கொரிய வீரர் டுக்-கூ கிம் களத்திற் பட்ட காயத்தால் உயிர்துறந்த பின்னர் அது படிப்படியாக 12 ஆகக் குறைந்தது. ஆகவே, சலிவனையும் டைசனையும் மோதவிட விரும்புவோர் எக்காலத்து விதியைக் கொள்வர்? விதியைத் தெரிவு செய்பவர் வெற்றியையும் பாதியளவு தெரிவு செய்துவிடுகின்றார்.

இவ்வுண்மையை மற்போரினின்றும் காட்டலாம். பஞ்சாபில் தோன்றிய மாமல்லர் காமா 1910 இல் இலண்டன் சென்று, போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் பொருதார். மேலை நாட்டு முறையில், விரிப்பின்மேல் நடந்த அப்போரிலே ஸ்பிஸ்கோ பெரும்பாலும் தரையோடு ஒட்டிக் கிடந்து தம்மைக் காத்துக்கொண்டார்; இரண்டரை மணி நேரத்திற்கு மேல் முயன்றும் முடிவு ஏற்படவில்லை. மறுவாரம் குறித்த நாளில் ஸ்பிஸ்கோ களத்திற்கு வாராமையால் வெற்றி காமாவுக்கு வழங்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928 இல், பட்டியாலாவில் இந்திய முறைப்படி அவ்விருவரும் மீண்டும் எதிர்நின்றனர். காமா ஒரு நிமிடத்திற்குள் அவரை மண்ணிற் சாய்த்தார். இருவர் மாறவில்லை, ஆண்டும் களமும் விதியும் மாறின. மணிக்கணக்கில் தீராதது கணப்பொழுதில் தீர்ந்தது.

அடுத்துக் கருதற்பாலது உடலளவு. றொக்கி மாசியானோ 49 போட்டிகளிலும் தோல்வியறியாது 1956 இல் ஓய்வு பெற்றவர். அவர்தம் எடை 190 இறாத்தல் அளவினதே. இக்காலத்தில் 200 இறாத்தலுக்கு உட்பட்டோர் அதிபாரப் பிரிவுக்குக் கீழான பிரிவிலேயே பொருதுகின்றனர். அதனால் அவர்தம் பெருமை குறைந்துவிடுமோ? குறையாது. தம் காலத்தில் எதிர்நின்றோரை வென்றமையே ஒருவரின் சிறப்பை அளக்குங் கோலாகும்.

காலங் கடந்த போட்டிகள் மெய்யாகவே நடந்ததுமுண்டு. ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் கழிந்த ஜேம்ஸ் ஜெவ்றிஸ் 1910 இல் றீனோ நகரில் ஜாக் ஜோன்சனை எதிர்த்து 15 ஆவது சுற்றில் தோற்றார். 37 வயதடைந்த ஜோ லூயிஸ் 1951 இல் மாசியானோவிடம் எட்டாவது சுற்றில் வீழ்ந்தார். 1980 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, தம் பழைய நண்பராகிய ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியொன்றில் தோன்றினார். அவரைக் காணத் தமிழ் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். அவ்வாண்டு ஒக்டோபரில் அதே அலி, முன்பு தமக்குப் பயிற்சித் துணைவராயிருந்த லறி ஹோம்சிடம் பெருந்தோல்வியுற்றார். இப்போர்களால் நாம் அறிவதென்ன? இளமை முதுமையை வெல்லும் என்பது மட்டுமே. எக்காலம் சிறந்தது என்பதற்கு அவை சான்றாகா.

மனிதரால் தீர்க்கவியலாததைப் பொறியால் தீர்க்கலாம் எனக் கருதியோரும் உளர். 1967 இல் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் ஒருவர் பல காலத்துச் சம்பியன்களின் திறன்களை எண்களாக்கிக் கணினியிடம் அளித்துப் போட்டித் தொடரொன்றை ஒலிபரப்பினார். அதில் மாசியானோ முதலிடம் பெற்றார். அலி, ஜெவ்றிஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். அலி இதனை அவமதிப்பெனக் கொண்டு வழக்குத் தொடுத்தார். பின்னர் இணக்கம் ஏற்பட்டு, 1969 இல் அலியும் மாசியானோவும் படப்பிடிப்புக் கூடத்திற் போர் செய்வதுபோல் நடித்தனர். படம் வெளிவருமுன்னரே மாசியானோ விமான விபத்தில் மாண்டார். 1970 சனவரியில் அமெரிக்காவிற் காட்டப்பட்ட படத்தில் மாசியானோ 13 ஆவது சுற்றில் வென்றார். ஐரோப்பாவிற் காட்டப்பட்டதில் அலி வென்றார். பார்ப்போர் வேறுபடத் தீர்ப்பும் வேறுபட்டது.

அப்படம் எடுக்கப்பட்ட காலத்தை நோக்குக. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் 1967 இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. களமேறும் உரிமையும் மறுக்கப்பட்டது. 25 வயதில் விலக்கப்பட்ட அவர் 28 வயதிலேதான், 1970 ஒக்டோபரில், மீண்டார். மெய்யான போர் மறுக்கப்பட்டமையாலேயே அவர் பொய்ப்போரில் நடிக்க நேர்ந்தது. கற்பனைப் போட்டி அங்கே பறிபோன ஆண்டுகளுக்கு ஒரு திரையாயிற்று.

இத்தகைய மறுப்பு அலி ஒருவர்க்கே நேர்ந்ததன்று. 1891 இல் கோர்பெற்றுடன் 61 சுற்றுக்கள் பொருது சமநிலை கண்டவர் கறுப்பின வீரர் பீற்றர் ஜாக்சன். அவரோடு பொருத சலிவன் நிறத்தைக் காரணங்காட்டி மறுத்தார். 1919 முதல் 1926 வரை டெம்ப்சி சம்பியனாய் இருந்தபோது, தகுதி மிக்க ஹறி வில்ஸ் பல்லாண்டு காத்திருந்தார், ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன, போர் நடக்கவில்லை. 1908 இல் சிட்னியிற் பட்டம் வென்ற ஜோன்சன் 1915 இல் அதனை இழந்தபின், 1937 இல் லூயிஸ் களமேறும் வரை, 22 ஆண்டுகள் எக்கறுப்பின வீரர்க்கும் அதிபாரப் பட்டப்போட்டி கிட்டவில்லை. பெருந்தடை கடந்து வந்த ஜோன்சனும் தாம் சம்பியனாய் இருந்தபோது சாம் லாங்போர்டுக்கு வாய்ப்பளிக்கவில்லை என்பதையும் நடுவுநிலையோடு கூறுதல் வேண்டும். நம் காமாவோடும் உலகச் சம்பியன் எனப் போற்றப்பட்ட பிராங்க் கொட்ச் ஒருபோதும் பொருததில்லை.

டெம்ப்சியும் அலியும் பொருதிருந்தால் என்பது காலம் தடுத்த போர். அதற்கு எவரும் பொறுப்பாளர் அல்லர். டெம்ப்சியும் வில்ஸும் பொருதிருந்தால் என்பதோ மனிதர் தடுத்த போர். இருவரும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். களமும் இருந்தது, காண விழைந்தோரும் இருந்தனர். முன்னையதைப் பற்றி நாம் சுவையாக வாதிடலாம். பின்னையதைப் பற்றியோ, யார் தடுத்தனர், ஏன் தடுத்தனர், அதனால் யாருடைய புகழ் வளர்ந்தது எனக் கேட்டு விடைகாணவும் இயலும். அவ்விடை ஆவணங்களில் உளது. சம்பியன் பட்டியலைச் சான்றாகக் கொள்வோர் அப்பட்டியலில் இடம்பெறவிடாது தடுக்கப்பட்டோரையும் உடன் எண்ணுதல் கடனாம்.

கடற்கரை வழக்கு இனியும் நடக்கட்டும், அதனால் தீங்கில்லை. ஆயின் அலியா டைசனா என வினவும் இளைஞர், பீற்றர் ஜாக்சன் யார், ஹறி வில்ஸ் யார் என்றும் ஒருமுறை வினவுவாராக. அவ்வினாவே அவரை வரலாற்றின் வாயிலிற் சேர்க்கும்.