கொடுமுடி கோகிலம்

ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில், தரை டிக்கெட்டுக்காரர் செவியிலும் விழும்படி பாடியாக வேண்டும். அக்காலத்து நடிகர்களின் தகுதியை அளந்த கோல் அதுவே. 1908-இல் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அக்கோலை எளிதில் கடந்தவர். அதே ஆற்றல் வாய்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்தது இலங்கையில். இருவரும் மேடையில் இணைந்தனர்; வாழ்விலும் இணைந்தனர்.

1933-இல் கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயதில் அம்மையார் வெண்ணிற ஆடை பூண்டார்; இனி ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். நாடகமே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு இது எத்தகைய தடை என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

படம் எடுப்போர் தேடி வந்தனர். அவர்களைத் தட்டிக்கழிக்கவே லட்சம் ரூபாய் கேட்டார் என்பர். அதையும் கொடுக்க அவர்கள் இசைந்துவிட்டனர்! 1935-இல் வெளிவந்த 'நந்தனா'ரில் அவர் ஏற்றது ஆண் வேடம். நாயகனே தாமாகிவிட்டால் நாயகனுக்கு இணையாக நிற்க வேண்டியதில்லை அல்லவா? மேடையில் ஆண் வேடம் புனைந்து பழகியவருக்கு அது புதிதுமன்று. இந்தச் சாமர்த்தியத்தை நான் பெரிதும் வியக்கிறேன்.

பின்னர் 1953-இல் ஔவையார். காதலுக்கு இடமில்லாத மூதாட்டி வேடம். 1958-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1964-இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், அதுவும் துறவிக்கோலம். 1980-இல் மறையும் வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள், அவர் வெண்புடவையிலேயே வாழ்ந்தார்.