சீனக்குடாத் தாங்கிகளும் வளைகுடாவின் பாடமும்



கிண்ணியாவிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நாம் சீனக்குடாவைக் கடக்கிறோம். அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள் நமக்குப் பழகிப்போனவை. அதனால் அவற்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையொப்பமிட்ட பிறகுதான் பேச்சு தொடங்கியது.

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அரபிகள் வாறது நமக்கு நல்லதுதானே?" தேநீர்க் கடையில் இன்னொருவர் சொன்னார்: "எல்லாத்தையும் வித்துப் போட்டாங்க." ஒருவருக்குச் சந்தோஷம், மற்றவருக்குக் கோபம். இருவருமே அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. எண்ணெய் வளமுள்ள அரபு நாடுகளின் வரலாறு நமக்குக் கற்றுத்தருவது அந்த ஒரு கேள்வியைத்தான்.

முதலில் இந்தத் தாங்கிகள் ஏன் இங்கே வந்தன என்று பார்ப்போம். முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. 1914 இல் பிரித்தானிய அரசு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் 51 வீதப் பங்கை வாங்கியது. கிணறு ஒரு பக்கம் இருந்தால், கப்பல் நிறுத்தி எண்ணெய் நிரப்ப இன்னொரு பக்கம் வேண்டும். ஆழமான, காற்றுக்கு மறைவான நம் துறைமுகம் அதற்குத் தோதாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே இங்கே எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினார்கள். இன்று கணக்கிலுள்ளவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். நம் மண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஆனால் எண்ணெய் வைக்கும் இடம் நம்மிடம் இருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான்.

இனி வளைகுடாப் பக்கம் வருவோம். 1933 இல் சவூதி மன்னர் அப்துல் அஸீஸ் ஓர் அமெரிக்கக் கம்பனிக்கு எண்ணெய் தேடும் உரிமையை 60 ஆண்டுகளுக்குக் கொடுத்தார். 1934 இல் குவைத் 75 ஆண்டுகளுக்குக் கொடுத்தது. 1939 இல் அபூதாபியும் 75 ஆண்டுகளுக்குக் கொடுத்தது. அன்று அந்த ஆட்சியாளர்களிடம் பணம் இல்லை. முத்துக் குளிப்பும் படுத்துப்போயிருந்தது. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு பெறும் என்பதைக் கம்பனிக்காரர்கள் ஓரளவு ஊகித்திருந்தார்கள். கையொப்பமிட்டவர்களுக்கு அது தெரியாது. குவைத்தும் அபூதாபியும் பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் இருந்ததால், வேறு நாட்டுடன் தாமாகப் பேசவும் அவர்களுக்கு வழியில்லை.

அந்த நிலை எப்படி மாறியது? பெரும்பாலும் கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளால் மாறியது. அப்துல்லாஹ் தரீக்கி என்ற சவூதி இளைஞர் எகிப்திலும் பிறகு அமெரிக்காவின் டெக்சாஸிலும் படித்துவிட்டு வந்தார். எண்ணெய்க் கம்பனியை மேற்பார்வை செய்யும் அரச அலுவலகத்தில் வேலை பார்த்து, பின்னர் நாட்டின் முதலாவது எண்ணெய் அமைச்சரானார். 1960 செப்டெம்பரில் பக்தாதில் சவூதி, ஈராக், குவைத், ஈரான், வெனிசுவேலா ஆகிய 5 நாடுகள் ஒபெக் அமைப்பைத் தொடங்கியபோது அதன் பின்னால் இருந்தவர்களில் அவரும் ஒருவர். சவூதி அரேபியா 1973 இல் அரம்கோவின் 25 வீதத்தையும், அடுத்த ஆண்டு 60 வீதத்தையும், 1980 இல் முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்தது.

அவசரப்பட்டவர்களுக்கு அடியும் விழுந்தது. ஈரான் அரபு நாடல்ல என்றாலும் அதன் கதையை விட முடியாது. 1951 இல் அங்கே எண்ணெயைத் தேசியமயமாக்கிய பிரதமர் முஸத்திக், 1953 இல் அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகளின் உதவியோடு கவிழ்க்கப்பட்டார்.

நம் நாடும் இந்தப் பாதையில் நடந்திருக்கிறது. 1956 இல் ஜனாதிபதி நாஸர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியபோது இலண்டனில் 22 நாடுகள் கூடின. அமெரிக்கா கொண்டுவந்த திட்டத்தை 18 நாடுகள் ஏற்றன. ஏற்காத நான்கில் ஒன்று இலங்கை. அந்நேரம் நம் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு 1957 ஒக்டோபர் 15 ஆம் திகதி அந்தக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதற்குக் குண்டு தேவைப்படவில்லை. பேச்சுவார்த்தையே போதுமாக இருந்தது.

1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது. 1962 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசு ஷெல், எஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. நட்டஈடு தீரவில்லை என்று 1963 இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965 இல்தான் அது தீர்ந்தது. அபூதாபி தன் முதலாவது எண்ணெயை ஏற்றுமதி செய்ததும் அதே 1962 இல்தான். அன்று அது சுதந்திர நாடுகூட அல்ல. ஐக்கிய அரபு இராச்சியம் உருவானது 1971 டிசம்பர் 2 ஆம் திகதி. நமக்குப் பின்னால் நின்றவர்கள் இன்று பங்காளிகளாக நம் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். இடையில் நம் பிள்ளைகள் அவர்களிடம் வேலைக்குப் போனார்கள். அந்த உழைப்பில் எழும்பிய வீடுகள் நம் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன.

நம் தாங்கிகளுக்கோ காகிதத்துக்கு மேல் காகிதம் வந்தது. 1987 ஜூலை 29 ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில், இந்தத் தாங்கித் தொகுதியை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைத்து இயக்கும் என்று எழுதப்பட்டது. உயிர் தப்புவதே பெரிதாக இருந்த அந்நாட்களில் இங்கே யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். 2003 இல் லங்கா ஐ.ஓ.சி.யுடன் உடன்படிக்கை வந்தது. 2022 ஜனவரியில் 14 தாங்கிகள் ஐ.ஓ.சி.க்கும், 24 தாங்கிகள் கூட்டுத்தாபனத்துக்கும், 61 தாங்கிகள் இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பிரிக்கப்பட்டன. அந்தக் கூட்டுக் கம்பனியில் நமக்கு 51 வீதம், அவர்களுக்கு 49 வீதம். குத்தகைக் காலம் 50 ஆண்டுகள்.

உறவுகளே, இந்த 50 என்ற எண்ணைக் கவனியுங்கள். அபூதாபி 1939 இல் போட்ட கையொப்பம் 2014 வரை உயிரோடு இருந்தது. நடுவில் நாடு சுதந்திரமடைந்து, 60 வீதப் பங்கையும் எடுத்துக்கொண்டது. ஆனாலும் மீதிப் பங்கு பழைய கம்பனிகளிடமே காலம் முடியும்வரை இருந்தது. நம்முடைய 2022 உடன்படிக்கை 2072 வரை போகும். இன்று நம் வகுப்பில் இருக்கும் 15 வயதுப் பிள்ளைக்கு அப்போது 60 வயது தாண்டியிருக்கும்.

ஆகவே, "அரபிகள் வந்தால் நல்லதா?" என்ற கேள்விக்கு நம் பதில் இதுதான். வருபவர் நம் மார்க்கத்தவர் என்பதற்காக உடன்படிக்கை நமக்குச் சாதகமாகிவிடாது. அந்நியர் என்பதற்காகப் பாதகமாகிவிடவும் மாட்டாது. அல்-குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பது நாம் அறிந்ததே. அண்ணன் தம்பிக்கிடையில்கூட எழுத்து வேண்டும் என்றால், நாடுகளுக்கிடையில் எவ்வளவு வேண்டும்?

நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் பிரதேச சபை உறுப்பினர்களிடமும் மூன்று விடயங்களைக் கேட்போம். எத்தனை ஆண்டுகளுக்கு? இலாபத்தில் யாருக்கு எவ்வளவு? இந்த மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளுக்கு என்ன வேலை, என்ன பயிற்சி? வாய்ப்பேச்சு போதாது, தமிழில் எழுத்தில் தரச் சொல்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நம் கையில் இருக்கிறது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையை ட்ரைவர் விசாவில் வளைகுடாவுக்கு அனுப்புவதற்கு முன்னர், கணக்கையும் விஞ்ஞானத்தையும் சட்டத்தையும் படிக்க விடுங்கள். நாளைக்கு அந்தத் தாங்கிகளின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க நம் ஊரிலும் ஒரு தரீக்கி வேண்டும். அது மகளாக இருந்தாலும் சரிதான், இன்ஷா அல்லாஹ்.